பேத்தை தெரியும் என்று தலையாட்டியவன்

தெரிந்தவர்கள் எல்லாம் எனக்குப் பூனை பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் எனக்குப் பயம். கடிக்கும், பிறாண்டும் என்கிற பயம் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஓர் உயிரை என்னை நம்பி விட்டுவிட்டார்களே என்கிற பயம்.

விட்டுவிட்டுப் போனது என் மனைவி. மீன் மார்க்கெட் வாசலில் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியைத் துணிப்பையில் போட்டு மில்லர்புரம் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். வந்த நாலாம் நாள் சென்னையில் மகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது, சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே. அவசரமாக ரயிலேறினாள். கதவருகே நின்று, "நான் வாரதுக்குள்ள அதச் சாவடிச்சிராதீங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த இரண்டு வாரம் வீட்டுக்குள் கால் வைக்கும் இடமெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். வாஷிங் மெஷினைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவினேன். ஒரு நாள் அலுவலகத்துக்குக் கிளம்பித் துறைமுக கேட் வரை போனபிறகு, குட்டி பைக்கின் அடியில் ஏறியிருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அங்கேயே வண்டியை நிறுத்திக் குனிந்து தேடினேன். என்ன தேடுகிறீர்கள் என்று காவலர் கேட்டார். பூனை என்றேன். அவர் என் பாஸை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார்.

குட்டி அசையாமல் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அது விழித்து என்னை முறைக்கும். பால் கொடுத்தேன், வயிற்றால் போனது. கால்நடை டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார். மீனை வேகவைத்து, முள் எடுத்து, பிசைந்து வையுங்கள் என்றார்.

மீன் என்றதும் எனக்கு வேறொரு கிலி. நான் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன். செம்மண் தேரியும் பனையும்தான் எங்களுக்குத் தெரியும். மனைவியோ கடற்கரைக்காரி. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் மச்சினன்மார் ஒரு மீனைத் தூக்கிக் காட்டிப் பெயர் கேட்டார்கள். தப்பாகச் சொன்னேன். "தேரிக்காட்டு மாப்பிள்ளைக்குப் பனங்கிழங்கு அவிச்சு வைங்க" என்று வீடே சிரித்தது. அன்றிலிருந்து மீனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பூனைக்குப் போய் எதுக்கு அண்ணாச்சி நல்ல மீன வாங்குதிய? சங்காயம் கெடக்கு, சும்மா கொண்டுபோங்க." வலையில் நல்ல மீனோடு சேர்ந்து ஏறிவிடுகிற, விலைபோகாத பொடிசுகளுக்குத்தான் சங்காயம் என்று பெயர். கோழித் தீவனத்துக்குப் போகும். ஒரு கவரில் அள்ளிப் போட்டவர், "பேத்தை ஒண்ணு ரெண்டு கெடக்கும், வெசம். பாத்து எறிஞ்சிருங்க. தெரியும்லா?" என்றார்.

"தெரியும் தெரியும்" என்றேன்.

அது முழுப்பொய்யும் இல்லை. கடற்கரையில் வலையிலிருந்து உதறியதும் பந்துபோல உப்பிக்கொள்ளும் பேத்தையைப் பார்த்திருக்கிறேன். கவரைத் தட்டில் கொட்டி உப்பிய மீனைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. நிம்மதியாக இருந்தது. செதில் இல்லாமல், தலை பெருத்து, நல்ல சதையோடு ஒரு மீன் இருந்தது. முள்ளும் அதிகம் இல்லை, குட்டிக்கு ஏற்றது என்று அதையே எடுத்து நன்றாக வேகவைத்துப் பிசைந்து வைத்தேன். குட்டி நாலு வாய் தின்றுவிட்டு என் கால்மாட்டில் படுத்தது.

ஒரு மணி நேரத்தில் எழுந்து நடந்தபோது அதன் பின்னங்கால்கள் இரண்டும் தரையில் இழுபட்டன. பிறகு முன்னங்கால்களும் மடங்கின. கத்த வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஒரு செருப்புத்தான் போட்டிருக்கிறேன் என்பது கிளினிக்கில் இறங்கியபிறகுதான் தெரிந்தது.

டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சங்காயம் என்றேன்.

"பேத்தை கெடந்துச்சா?"

"உப்பின மீன் ஒண்ணுமே இல்ல சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "செத்த பேத்தை எங்க சார் உப்பிக்கிட்டு இருக்கும்?"

வேகவைத்தால் விஷம் போய்விடாதா என்று கேட்டேன். போகாது என்றார். மாற்று மருந்தும் கிடையாதாம். சலைன் ஏற்றினார், ஓர் ஊசி போட்டார். "மூச்சு ஓடிக்கிட்டே இருந்தா சாயங்காலத்துக்குள்ள தேறிரும். நின்னா நெஞ்சத் தேச்சு விட்டுக்கிட்டே என்னயக் கூப்பிடுங்க." சொல்லிவிட்டு அடுத்த அறையில் காத்திருந்த ஆட்டைப் பார்க்கப் போனார்.

பெஞ்சில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீசை மயிர்கூட அசையவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. விலா எலும்புகள் ஏறி இறங்குவதை எண்ணினேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இனி ஏறாது என்றே தோன்றியது. என் கைகளைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோ காலில் வந்தாள். தினமும் மத்தியானம் குட்டியைப் பார்த்தாக வேண்டும் அவளுக்கு. தூங்குகிறது என்றேன்.

"கண்ணு தொறந்துல்லா இருக்கு. எங்கன இருக்கீங்க நீங்க?"

சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. பேத்தைக் குழம்பு. செத்துட்டாருன்னு சவப்பெட்டிக்கே சொல்லியாச்சு. அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே கெடந்திருக்காரு. யாரு யாரு அழலன்னு பொறவு சொன்னாரு." போனுக்குள் குட்டியை உற்றுப் பார்த்தாள். "அதுக்கும் கேக்கும்ங்க. பயந்து போயிருக்கும். பேசுங்க அதுகிட்ட."

அதுவரை அது மயக்கத்தில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு அதன் காதருகே குனிந்தேன். பூனையிடம் என்னத்தைப் பேசுவது? எதிரே கோழிக்கூடையோடு இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மீன் தெரியாது" என்றேன் குட்டியிடம். "ஒரு மீனும் தெரியாது. தெரியும்னு பொய் சொன்னேன். அதான் உனக்கு இப்படி ஆயிருச்சு."

போனிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அது எனக்குக் கல்யாணம் ஆன மாசமே தெரியும். வேற எதாவது பேசுங்க."

பேசினேன். பேத்தி பிறந்ததைச் சொன்னேன், அவள் இரண்டே கால் கிலோ என்று சொன்னேன், கேட்டில் காவலர் பாஸ் வாங்கிப் பார்த்ததைச் சொன்னேன். இரண்டரை மணிவாக்கில் விலா இறங்கியது, ஏறவில்லை. கட்டைவிரலால் நெஞ்சைத் தேய்த்தபடி டாக்டரைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன் என்பதைவிடக் கதறினேன். அவர் ஓடிவருவதற்குள் அது ஒரு மூச்சை இழுத்தது. பெரிய இடைவெளி விட்டு இன்னொன்று. நான் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. போதும் சார், விடுங்க என்று அவர்தான் என் கையை எடுத்தார்.

நாலு மணிக்குக் காது மடல் துடித்தது. பிறகு வால் நுனி. ஐந்தரைக்குத் தலையைத் தூக்கி மெல்லிய குரலில் கத்தியது. தள்ளாடி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. டாக்டர் அவித்த முட்டை மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்து என் விரலில் தடவினார். "கொடுங்க, திங்குதான்னு பாப்போம்."

என்னால் முடியவில்லை. இரண்டு முறை நீட்டி, இரண்டு முறையும் கையை இழுத்துக்கொண்டேன். டாக்டரே என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். குட்டி மோந்துகூடப் பார்க்கவில்லை. நக்கத் தொடங்கிவிட்டது.