அறுபது மில்லிக்கு ஒரு கரண்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு ஞானஸ்நானம். ஆராதனை முடிந்து வீட்டில் பிரியாணி. ஐம்பது பேருக்குச் சொல்லி எழுபது பேர் வந்திருந்தார்கள் – மார்த்தாண்டம் பக்கம் அதெல்லாம் சகஜம்.

பாப்பாவுக்குப் பசி நேரம். என் மனைவி ஷீபா பால்புட்டியைக் கழுவிவிட்டு, பால்மாவு டின்னைத் திறந்தாள். அடுக்களையில் பாதி உறவு நின்றுகொண்டிருந்தது. என் அம்மா வந்து ஷீபாவின் கையிலிருந்து புட்டியையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. ஜெபம் பண்ணுகிற அதே குரலில் சொன்னாள்.

"நீ கலக்காண்டாம் மக்கா. ஒருக்க நீ கலக்குனது போரும்."

நாலைந்து பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷீபா கையைத் துடைத்துவிட்டு வெளியே போனாள்.

ஷீபா செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. அது அந்த வீட்டில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று ஷீபா. இன்னொன்று, அடுக்களை வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்த நான். கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சரி... முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்பது வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். பெருமையாக நானே பலமுறை எழுதியிருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. வேறொருவன் என்றால் கடையையே வாங்கியிருப்பான். நான் என்ன செய்தேன்? தொட்டில் இரவல். சட்டைகள் என் தங்கை பிள்ளைகள் போட்டவை. டயப்பரா? எதற்கு? நாலு பழைய வேட்டியைக் கிழித்தால் இரண்டு டஜன் துணி. இதையெல்லாம் 'முதல் குழந்தையா? பர்ஸ் பத்திரம்!' என்று இதே பக்கத்தில் எழுதினேன். நீங்களும் பாராட்டித் தள்ளினீர்கள்.

ஷீபாவுக்கு ஆபரேஷன். தாய்ப்பால் போதவில்லை. பால்மாவு கொடுக்கலாம் என்று டாக்டரே சொன்னார். அந்த நேரம் பார்த்து ஷீபாவின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அவன் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் டார்ச், பேரீச்சம்பழம், தைலம்... அவற்றோடு இரண்டு பெரிய பால்மாவு டின். எனக்கு மோட்சமே கிடைத்த மாதிரி இருந்தது.

டின்னில் போட்டிருந்த அளவு: அறுபது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. நான் அதைக் கொட்டை எழுத்தில் அடித்து, ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். யார் கலக்கினாலும் இதுதான் கணக்கு என்று உத்தரவு வேறு.

இரண்டு மாதத்தில் கல்ஃப் டின் தீர்ந்தது. உள்ளூர்க் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த டின் ஒன்றை வாங்கிவந்தேன். அதற்குள்ளும் ஒரு கரண்டி இருந்தது. ஷீபா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது சின்னதா இருக்குல்லா? அந்தக் கரண்டி இதவிட பெருசுதானே?"

"கரண்டின்னா கரண்டிதான். கம்பெனிக்காரன் அளந்துதான் போட்டிருப்பான்."

"பாலும் தண்ணியா இருக்கு. ஒரு கரண்டி கூடப் போடட்டா?"

"கூடப் போட்டா பிள்ளைக்கு வயித்தக் கட்டும். நான் எழுதி ஒட்டுன மாதிரி கலக்கு."

டின்னின் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. கல்ஃப் டின்னில் படித்தாயிற்று, இனி என்ன படிக்க? ஒரு வாரம்தான் வரும் என்று கடைக்காரர் சொன்ன டின், இரண்டு வாரம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'உள்ளூர் டின்னே வாங்குங்கள், அதிக நாள் வரும்' என்று அந்தப் பத்தியில் ஒரு வரி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? அந்தச் சந்தோஷத்தில் எழுதியதுதான். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். யாராவது நம்பி வாங்கியிருந்தால் இப்போதே எழுந்துபோய் டின்னைத் திருப்பிப் பாருங்கள்.

பாப்பா சாதுவாகிவிட்டாள். அழுகை குறைந்தது. எப்போதும் தூக்கம். "நல்ல பிள்ள, அழவே தெரியாது," என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். ஷீபாவுக்கு மட்டும் சரியாகப் படவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ், "எடை ஏறலியே," என்றார். "எங்க குடும்பமே ஒல்லிதான் சிஸ்டர்," என்று சொல்லிச் சிரித்தேன். ஷீபா சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசுக்கு ஷீபாவிடமிருந்து போன் வந்தது. "பாப்பாக்க கண்ணு மேல போவுது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. சீக்கிரம் வாருங்க."

வீட்டுக்கு வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குக் காரை விரட்டினேன். தக்கலையில் மாட்டிக்கொண்டோம். கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் எதிரே வரிசையாக நிற்க, நான் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பின்சீட்டில் அம்மா சத்தமாக ஜெபம் பண்ணினாள். ஷீபா பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த இருபது நிமிடத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் வலிப்பை நிறுத்தினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா வெளியே வந்தார்.

"உடம்புல உப்புச் சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு. பாலை எப்படிக் கலக்குறீங்க?"

ஷீபா பையிலிருந்து டின்னை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பி வாசித்தார். "முப்பது மில்லிக்கு ஒரு கரண்டின்னு போட்டிருக்கு. நீங்க?"

"அறுபதுக்கு ஒண்ணு."

"அப்போ இத்தனை நாளா பிள்ளைக்குப் பாதிப் பாலும் பாதித் தண்ணியும்தான் போயிருக்கு. யார் கலக்குனது?"

அம்மா முந்திக்கொண்டாள். "இவதான் டாக்டரே. பி.எட். படிச்சவ."

ஷீபா என்னைப் பார்த்தாள். நான்... சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தேன். 'அளவு சொன்னது நான், இவள் கேட்டாள், நான்தான் இவள் வாயை அடைத்தேன்' – பத்துச் சொல்கூட இருக்காது. அது எனக்கு வரவில்லை.

"நான்தான் கலக்குனேன், டாக்டர்," என்றாள் ஷீபா.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. பிள்ளை உள்ளே குழாய்களோடு கிடக்கிறாள், எனக்கு நிம்மதி. எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

பத்து நாள் கழித்துப் பாப்பாவை வீட்டுக்கு விட்டார்கள். "பிழைச்சிட்டா. வளர்ச்சி எப்படிங்கிறதைப் போகப்போகத்தான் பாக்கணும்," என்றார் டாக்டரம்மா. அதன் பிறகு ஷீபாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில நீங்க சொல்லுவியண்ணு நெனச்சேன். எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுகிய? எனக்குத்தான் தெரியுமே. அம்மைகிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன் – அவளிடம்தான், அம்மாவிடம் அல்ல. அதற்குள் 'பாலில் தண்ணி கலந்தவள்' என்ற பேர் சபையில் எல்லோர் வாய்க்கும் போய்விட்டது. சபைச் சங்கத்துப் பெண்கள் வீட்டுக்கு வந்து அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காரர்கள் போனதும் ஷீபா பையைக் கட்டினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"குலசேகரத்துக்கு எனக்க வீட்டுக்குப் போறேன். இனியும் இஞ்ச இருந்தா, நான்தான் செஞ்சேண்ணு எனக்கே தோணிரும்."

அவளது அப்பாவின் ஜீப் திரும்பி ரோட்டில் ஏறும்வரை நின்றேன். அப்போதும் அம்மா, "போட்டும், குத்தமுள்ள நெஞ்சு," என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை. வாய் இருக்கிறது, வாரம் ஒரு பக்கம் எழுதக் கை இருக்கிறது... முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் தைரியமில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்கிறேன். நான் எழுதுவதை அம்மா ஒரு வாரம்கூட விடாமல் வாசிக்கிறவள்.

அம்மா, அளவை எழுதி ஒட்டியது நான். கேட்டவளின் வாயை அடைத்தது நான். நீ மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒருத்தியிடம், நான் கேட்க வேண்டியது இரண்டு பேரிடம் – அதில் ஒருத்திக்கு ஐந்து மாதமாகியும் இன்னும் தலை நிற்கவில்லை.