பேக்கரிப் பெட்டியில் வைத்த கல்

எனக்குப் பொறுமையே கிடையாது. நிலவியல் ஆய்வுக்காக, பவானிப் பக்கம் எடுத்த பாறை எந்தக் காலத்தில் அழுத்தத்தில் வளைந்து மடிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மடியும்போது அடுக்குகள் உரசி, நடுவில் உருவான களிமண் அதைச் சொல்லும். கல்லை இடித்தால் அதிலுள்ள பழைய தாதுவும் பொடியாகிக் களிமண்ணோடு கலந்து கணக்கு தப்பிவிடும். நனைத்து, உறையவைத்து, உருகவிட்டு, தானாக உதிரும்வரை காத்திருக்க வேண்டும்.

கல்லூரி ஃப்ரிட்ஜ் பழுது. எதிர் பேக்கரி அக்கா ஐஸ்கிரீம் பெட்டியில் இடம் கொடுத்தார். தினமும் எடுத்து உருகவிட்டு மறுபடி வைத்தேன், கல் உதிரவில்லை. இடித்தே விடுவதென்று ஒருநாள் காலை போனேன்.

"கண்ணு, ராத்திரி பூரா கரண்ட் இல்லீங்க. உங்க கல்லு உதுந்துபோச்சுங்க. மன்னிச்சுக்குங்க."

"அதுக்குத்தானுங்க அக்கா காத்திருந்தேன்!" என்று துள்ளினேன்.

செருப்பு தரையில் ஒட்டியது. அப்போதுதான் பார்த்தேன். அவருடைய ஐஸ்கிரீம் மொத்தமும் உருகி ஓடியிருந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பாறையின் வயது கிடைத்துவிட்டது. இன்றும் அவசரப்படும்போதெல்லாம் அந்தத் தரை காலில் பிசுபிசுக்கிறது.