சக்கரத்தில் தெளித்த தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகன் காரை எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. எங்கள் வீடு ஆயர் ஈத்தாம் பக்கம், மலைச்சாலை இறங்கி முடிகிற இடத்துக்குக் கிட்டே. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரான பாலிக் பூலாவுக்குப் போகிற அந்தச் சாலை முழுக்க வளைவு. அதில் வேகமாக ஏறி வேகமாக இறங்குவதில் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் அப்படி ஒரு ஆசை.

போன வருஷம் அந்தக் கூட்டாளிகளில் ஒருவன் தடுப்புக் கம்பியை இடித்துக்கொண்டு கீழே போனான். உயிர் பிழைத்தான், ஆனால் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். அவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று, "இனிமே மெதுவாத்தாம்மா ஓட்டுவேன்" என்று என் மகன் என் கையைப் பிடித்துச் சொன்னான்.

சொன்னபடி ஓட்டுகிறானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யாரிடமும் எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லை, பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் வந்து குளிக்கப் போனதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் கார் பக்கம் போவேன். சக்கரத்துக்குள்ளே ஒரு இரும்புத் தட்டு தெரியும். அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு இருக்கிற சிவப்புச் சாமானுக்குப் பேர் கேலிப்பர். பிரேக்கை மிதித்தால் அதுதான் தட்டை இறுக்கி வண்டியை நிறுத்தும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல், விரலை நனைத்துத் தட்டின்மேல் தெளிப்பேன். காய்கறி வாங்கப் பசாருக்கு மட்டும் போய் வந்த நாளில் தண்ணீர் பேசாமல் வழியும். மலைக்குப் போய் வந்த நாளில் சொய்யென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் பின்னால் வந்து நின்றுவிட்டான்.

"என்னம்மா பண்றீங்க? சூட்டுல தண்ணி பட்டா தட்டு கோணிக்கும்மா!"

"செடிக்கு ஊத்தினேன்யா, தெறிச்சிருச்சு."

அவன் செடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

கொஞ்ச நாளில் பிரேக் கிரீச்சிட ஆரம்பித்தது. என்னைப் பசாருக்குக் கூட்டிப்போகிற வழியில் வொர்க்‌ஷாப்பில் நிறுத்தினான். நான் உள்ளேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வொர்க்‌ஷாப்காரர் சக்கரத்தைக் கழற்றினார். சிவப்பாக இருந்த கேலிப்பர் கருகிப் பழுப்பாகிக் கிடந்தது.

"என்னா தம்பி, இதுல கறி குத்தி சாத்தே சுட்டியா?"

"மலையில கொஞ்சம் ஓட்டினேண்ணே."

"கொஞ்சமா? உள்ள இருக்கிற ரப்பரே வெந்து போச்சு லா. எறங்கறப்ப கியரைக் கொறைச்சுக்க, பிரேக்கையே மிதிச்சிக்கிட்டு வராத. சூடு தாங்குற பிரேக் எண்ணெயா மாத்திக்க. எறங்கின கையோட வீட்டுல கொண்டுபோய் நிப்பாட்டாத. சமமான ரோட்டுல மெதுவா ரெண்டு மூணு சுத்து சுத்து, காத்துல ஆறட்டும். அதுக்கப்புறம் உள்ள விடு."

என் மகன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறும் காரை எடுத்தான். நான் வாசலிலேயே நின்றேன். கார் வந்தது. வீட்டைத் தாண்டி மெதுவாகப் போனது. மறுபடி வந்தது, மறுபடியும் தாண்டிப் போனது. நிறுத்த இடம் பார்க்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் வீட்டு முன்னால் வந்து நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனான். நான் விரலை நனைத்துத் தெளித்தேன். தண்ணீர் பேசாமல் வழிந்தது.

மனசு லேசாகிவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துத் தோசை வார்த்தேன். இரண்டாவது தோசையைத் திருப்பும்போதுதான் உறைத்தது. நம் வீட்டு முன்னால்தான் எப்போதும் இடம் இருக்கிறதே, அவன் எதற்குச் சுற்றினான்?

தோசைத் தட்டை அவன் முன்னால் வைத்தேன். கேட்டுப் பழக்கமில்லைதான். இருந்தாலும் கேட்டேன்.

"மேல போனியாய்யா?"

அவன் சிரித்தான். "தண்ணி தெளிச்சுப் பாத்தீங்கல்ல? ஜில்லுன்னுதானே இருந்துச்சு?"

அப்படியென்றால் அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"சக்கரத்தக் கேக்கலடா. ஒன்னையக் கேக்கறேன்."

சிரிப்பு நின்றது. தோசையைக் கிள்ளிக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அடுத்த வாரம் நானும் வரேன்" என்றேன்.

"ஒங்களுக்கு அந்த வளைவுல வாந்தி வரும்மா."

"வரட்டும். பை எடுத்துக்கறேன்."