ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வருஷம்

செங்கேணிக்கு ஒன்பது வயது. அவளோடு சேர்ந்த பிள்ளைகளெல்லாம் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் இன்னும் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். படிப்பு ஏறாமல் இல்லை, நன்றாக ஏறியதுதான் வினையாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வரும்போது பளிச்சென்று பதில் சொல்ல பஞ்சாட்சரம் வாத்தியாருக்கு அந்த வகுப்பில் ஒரு பிள்ளை வேண்டியிருந்தது.

இந்த வருஷமும் தேறாவிட்டால் நடவுக்கு வந்துவிடு என்று அம்மா முனியம்மாள் சொல்லிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல். திங்களன்று மணலைப் பரப்பி எழுத்துப் போட்டார்கள். செங்கேணி சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைத்தாள். மறுநாள் நூறு புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு வைத்தார்கள். நூறையும் முடித்துவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடக் கொட்டகையின் மறுபாதியில் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை ஏரிக் களிமண்ணில் மாடு செய்தார்கள். ஆறு வயது வேதகிரியின் மாட்டுக்கு அவள் வால் ஒட்டிக் கொடுத்தாள்.

"நான் ரெண்டாவது போனாலும் நீ இங்கியேதான் இருப்பியாக்கா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. பதில் சொல்வதால்தானே வாத்தியார் நிறுத்தி வைத்திருக்கிறார்? வாயைத் திறக்காவிட்டால் தன்னால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று மேலே தள்ளிவிடுவார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் பலகையில் 'படகு' என்று எழுதினார். வாத்தியார் வழக்கம்போல் அதை வாசிக்கச் செங்கேணியை எழுப்பினார். அவள் தரையையே பார்த்தாள். மூன்று பத்து எவ்வளவு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதற்கும் பேச்சில்லை. வாத்தியார் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வேதகிரிதான் முந்திக்கொண்டு முப்பது என்றான்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அவள் தலையைத் தொட்டு, "இந்தக் குழந்தையை அவசரப்படுத்த வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் இதிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி, அப்படியே நோட்டிலும் எழுதினார்.

வாய்ப்பாடு முழுவதும் செங்கேணியின் தொண்டைவரை வந்தது. அதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

சைக்கிள் மறையும்வரை வாத்தியார் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னா பொண்ணும்மா நீ. இந்த வருசம் உன்ன மேல அனுப்பறதாத்தான் இருந்தேன்" என்றார்.

அது நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை விடியும்போதே முனியம்மாள் அவளை நாற்றுப் பறிக்கக் கூட்டிக்கொண்டு போனாள்.