மூன்று நிமிடம் பேசக்கூடாது

ஹட்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் டிப்ளோமா மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். ரோபோ பாடத்துக்கு எழுத்துப் பரீட்சையைக் குறைத்து, கொழும்பில் நடக்கும் போட்டியில் வண்டி எப்படி ஓடுகிறதோ அதற்கே பாதிப் புள்ளி கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். கையால் செய்தால்தான் பிள்ளைகளுக்குப் பயம் விடும் என்று நம்பினேன்.

அந்த வருடம் எங்கள் அணியில் மூன்று பேர். இரண்டு பையன்கள் சக்கரத்தையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ள, வண்டிக்குப் புரோகிராம் எழுதியவள் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மாணவி. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானே கண்டுபிடித்துப் போகும் சின்ன வண்டி அது. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வளைவில்கூடத் தவறியதில்லை.

போட்டி நாளன்று காலை ஒத்திகையிலும் நன்றாகவே ஓடியது. அதன்பின் எல்லா வண்டிகளையும் நடுவர்கள் வாங்கி ஒரு மேசையில் வைத்துவிட்டார்கள். எங்கள் முறை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. அப்போதுதான் கவனித்தேன். மண்டபத்தின் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் இறங்கி, ஓடுதளத்தில் பாதியை மூடியிருந்தது.

வண்டியின் சென்சர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத்தான் கோட்டை அறியும். அதே ஒளி வெயிலிலும் உண்டு; இரண்டும் கலந்தால் வண்டிக்குக் கோடு தெரியாது. நிழலிலும் வெயிலிலும் வைத்துச் சென்சர்களை மறுபடி அளவெடுக்க வைத்தால் போதும், அதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. ஆனால் ஓர் அணிக்குக் கொடுக்கும் மூன்று நிமிடமும், படிப்பித்தவர்கள் ஓடுதளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு சொல் பேசினாலும் அணியை விலக்கிவிடுவார்கள்.

வண்டி நிழலில் நேராகப் போனது. வெயிலில் ஏறியதும் நின்று, வலப்பக்கம் திரும்பி, தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. அவள் எடுத்துத் தொடக்கத்தில் வைத்தாள். மறுபடி அதே இடம், அதே சுற்று. ஒரு பையன் பேட்டரியை மாற்றினான். மற்றவன் சக்கரத்தைத் துடைத்தான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

'வெயில்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாலே அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். நான் குனிந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டது.

அடுத்து வந்த அணியின் வண்டிக்குச் சுற்றிவரக் கறுப்பு அட்டையில் பாவாடை மாதிரி ஒரு மறைப்பு. அது வெயிலைத் தாண்டிப் போனது. அப்படி ஒரு மறைப்பு வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பனிமூட்டத்தால் பகலிலும் லைட் போட்டுக்கொண்டு படிப்பிக்கிற எங்கள் ஊரில் எனக்கு அது தோன்றவில்லை.

திரும்பும் வழியில், கினிகத்தேனையைத் தாண்டியதும் அவளுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஓடிச்சும்மா... ம்... நல்லா ஓடிச்சு. மிஸ் பக்கத்துலதான் இருக்காங்க."

போனை என்னிடம் நீட்டினாள்.

"எப்படிங்க மிஸ், நம்ம புள்ளையோட வண்டி ஓடிச்சுங்களா?"

"ஓடிச்சுங்கம்மா. காலையில ரொம்ப நல்லா ஓடிச்சு."

"சந்தோசங்க மிஸ். நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா அனுப்பினேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் துறைத் தலைவரிடம் போனேன். வண்டி கல்லூரியில் ஓடியதையும் கணக்கில் எடுக்கலாமே என்று கேட்டேன்.

"மிஸ், போட்டியில ஓடினாத்தான் புள்ளின்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே? அடுத்த வருசத்துக்கு வேணும்னா மாத்தலாம். நடந்து முடிஞ்சதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. மூன்று பேருக்கும் போட்டிப் புள்ளியாகப் பூச்சியம் போட்டுக் கையெழுத்திட்டேன். மேல்படிப்புக்குப் போக அவளுக்கு அந்த ஒரு பாடத்தில்தான் புள்ளி குறைந்தது.

அறிவிப்புப் பலகையில் பெறுபேறு ஒட்டிய அன்று அவள் என் அறைக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"மிஸ், ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"அன்னைக்கு அங்கயே உங்களுக்குத் தெரிஞ்சுருச்சுங்களா, எதனால நின்னுச்சுன்னு?"

"தெரிஞ்சது."

தலையசைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பாடத்தைத் திரும்ப எடுப்பதற்கான விண்ணப்பத்தை மேசையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.