சனிக்கிழமை பஸ்ஸில் தீர்ப்பு

போன வாரம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில், கைபேசியில் ஒரு துப்பறியும் தொடரைப் போட்டேன். மீஞ்சூர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கதை முடிந்து, பார்த்தவர்கள் எழுதியிருந்த கருத்துகள்தான் திரையில் நின்றன. மாமனார்தான் கொலைகாரன் என்று முதல் காட்சியிலேயே தனக்குத் தெரியும் என்று ஒருவர். முதலில் இன்ஸ்பெக்டரின் விக்கைக் கைது செய்யுங்கள் என்று இன்னொருவர். செத்துப்போன அம்மா கட்டியிருந்த புடவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு பெண். கதையை விட்டுவிட்டு இதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? இதையெல்லாம் நான் எழுத்தில் பார்ப்பது புதிது. காதால் கேட்டே வளர்ந்தவள்.

படிப்பு முடிந்த கையோடு நான் சேர்ந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில். காலையில் மீஞ்சூரில் கம்பெனி பஸ் ஏறினால் பொன்னேரி, கவரைப்பேட்டை என்று பெண்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். டீசல், மல்லிப்பூ, டிபன் பாக்ஸிலிருந்து கசிந்த புளிசாதம், மூன்றும் கலந்த ஒரு வாசனை அந்த பஸ்ஸுக்கு. இன்றைக்கும் புளிசாதத்தைத் திறந்தால் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தோன்றும்.

அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஒரு கொலைத் தொடர் வரும். சனிக்கிழமை காலை பஸ் முழுக்க அதே பேச்சு. நீதிபதி தனலட்சுமி அக்கா. டெஸ்டிங் பிரிவில் வேலை, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட், ஹாரனை மிஞ்சும் குரல். கரண்ட் போய் முடிவைப் பார்க்காதவர்களுக்கு அக்கா எழுந்து நின்று நடித்தே காட்டுவார். கொலைகாரனாகவும் பிணமாகவும் அவரேதான். நானோ பட்டப்படிப்புக்காரி என்ற மிதப்பில் ஆதாரம், நோக்கம் என்றெல்லாம் பேசுவேன். நான் கை காட்டிய ஆள் ஒரு தடவைகூடக் கொலைகாரனாக இருந்ததில்லை.

ஒரு வாரம், வீட்டை விட்டுப் போன ஒருத்தியின் கதை. யாரோ ஒருவனை நம்பிப் போகிறாள், அவனே கொன்றுவிடுகிறான். மறுநாள் பஸ்ஸில் விவாதமே இல்லை.

"கட்டுன புருசன உட்டுட்டு எவங்கூடவோ போனா இல்ல? அதான் வேணும் அவளுக்கு," என்றார் அக்கா. எல்லோரும் தலையாட்டினோம்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாக்கா பேசிக்கினுகீறீங்க? ஊட்ட உட்டுப் போனா எவங்கூடயாவதுதான் போவணுமா? அடி தாங்காம தனியா போவ மாட்டாளா?"

மேரி. சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை அவள் பஸ்ஸில் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை. முகம் சிவந்திருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது அக்கா தன் முதல் சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் போய் மேரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்களுக்கு முன் சீட்டில் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

"யாருடி அது?" என்றார் அக்கா, அவரிடம் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்காத ஒரு சின்னக் குரலில்.

மேரியின் அக்கா ஸ்டெல்லா. பெரியபாளையம் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் குடித்துவிட்டு அடிக்கிற புருசன். ஒரு நாள் போய்விட்டாள். எவனோடோ ஓடிவிட்டாள் என்று அவன் ஊரெல்லாம் சொல்ல, அப்பாவும் நம்பி, பெரிய மகளின் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றுவிட்டார். தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஒரே ஒரு தடவை போன் வந்திருக்கிறது. ஆந்திர எல்லை தாண்டி, சூளூர்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, நான் நல்லா இருக்கேன், அவ்வளவுதான். பாஷை தெரியாத ஊருக்குத் தனியாகப் போக மேரிக்குப் பயம்.

"நாளைக்கு லீவுதான? கெளம்பு. நானும் வரேன்," என்ற அக்கா, திரும்பாமலே என் சீட்டின் முதுகில் தட்டினார். "ஒட்டுக் கேக்குறியே, நீயும் வா."

மறுநாள் மூவரும் ரயிலேறினோம். சூளூர்பேட்டையில் அக்காவின் தெலுங்கு, ஏழு தமிழ் வார்த்தைக்கு ஒரு 'அண்டி' சேர்த்த தெலுங்கு. அதை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தார். மூன்றாவதாக நுழைந்த இடத்தில், கையில் வாளியோடு ஒரு பெண் மாடிப்படியில் இறங்கி வந்தாள். மேரியைப் பார்த்ததும் அவள் கண் போனது மேரிக்குப் பின்னால் இருந்த வாசலுக்கு.

"அவரும் வந்துக்கீறாரா?"

"யாரும் வர்லக்கா. நானும் இவங்களுந்தான்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டெல்லா அதே படியில் உட்கார்ந்து அழுதாள். மேரி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல இன்னா சொல்லிக்கினுகீறாங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்காதான் பேசினார். "ஊரு கெடக்குது. நேத்து காத்தால வரைக்கும் நானே அப்பிடித்தான் பேசிக்கினு இருந்தேன். நீ நாஷ்டா துன்னியா, அத சொல்லு."

அடுத்த ஞாயிறு அக்கா மேரியின் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். "உங்க பொண்ணு தனியாத்தான் போனா நைனா, தனியாத்தான் கீறா. என் கண்ணால பாத்துட்டு வந்தேன்." மேரியின் அப்பா முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் செருப்பு மாட்டும்போதுதான் கேட்டார்: "எளச்சிட்டாளா?"

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரே சூளூர்பேட்டைக்குப் போய் மகளைக் கூட்டிவந்தார். புருசன் வந்து சத்தம் போட்டபோது வாசலை மறித்து நின்றாராம். பொங்கல் கழிந்து ஸ்டெல்லா எங்கள் கம்பெனியிலேயே சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் அக்காவையே எதிர்த்து வாதாடுவாள். யார் செத்தாலும் புருசன்தான் கொன்றான் என்பது அவள் கட்சி. ஆச்சரியம் என்னவென்றால், பாதி வாரங்கள் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அந்தக் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் நிற்கின்றன. சிப்காட்டில் இன்றைக்கும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன, ஏசி போட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு. உள்ளே ஒவ்வொரு பெண்ணும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனக்குப் பிடித்த கதையைப் பார்த்துக்கொண்டு போகிறாள். முன்னைவிட நல்ல கதைகள்தான். கரண்ட் போனாலும் கதை நிற்பதில்லை, முடிவு யாருக்கும் தவறுவதில்லை. பஸ்ஸுக்குள் எழுந்து நின்று செத்துக்காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.