அச்சு புரோகிராமை நீக்கிய ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் நடுவில், கேலாங் பக்கமிருந்த ஒரு சரக்கு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். ஏர்கான் அறையில் பீரோ உயரத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். கட்டடம் முழுக்க அதோடு இணைந்த, திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள டெர்மினல்கள். எந்தச் சரக்கு எந்த லாரியில் போக வேண்டும் என்ற டெலிவரிச் சீட்டுகளை ஒரு பழைய புரோகிராம் அச்சடித்தது. அதை எழுதிய வெள்ளைக்காரர் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார். அவர் எழுதிய மூல நிரலும் எங்களிடம் இல்லாததால், ஒரு வரியைக்கூட யாராலும் திருத்த முடியாது. ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் பிரின்டரில் தாள் சிக்கியது. புரோகிராமை நிறுத்த பிரேக் பொத்தானை அழுத்தினேன். என் சாதாரணக் கணக்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரையில் வந்து நின்றதோ கம்ப்யூட்டர் முழுவதையும் நிர்வகிப்பவருக்கு மட்டுமே வரும் குறி. அது வந்துவிட்டால் யாருடைய ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம். எல்லோருடைய சீட்டுகளையும் எடுத்து அச்சடிக்க வேண்டுமே என்று, அந்த வெள்ளைக்காரர் தன் புரோகிராமுக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்து வைத்திருந்தார். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் அந்த அதிகாரம் இப்போது என் கைக்கு வந்திருந்தது.

மேலாளரிடம் போய், இதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். அவர் சீனர், நிதானமானவர். ஒரு லாரிகூட நிற்கக் கூடாது, டெலிவரிப் பிரிவு சம்மதித்தால் செய் என்றார்.

அந்தப் பிரிவின் தலைவர் தமிழ் முஸ்லிம். அலுவலகத்துக்கே அவர் பாய்தான். அவர் சம்மதிக்கவில்லை.

"நல்லாத்தானே ஓடுது. அதைப் போய் ஏன்மா நோண்டுறீங்க?"

மேலாளரையும் அழைத்துக்கொண்டு பாயின் டெர்மினலில் உட்கார்ந்தேன். மேலாளர் தன் கணக்கில் சோதனைக்கென்று ஒரு ஃபைல் வைத்திருந்தார். பாயின் கணக்கிலிருந்தே அச்சு புரோகிராமை ஓட்டி, பிரேக்கை அழுத்தி, அந்த ஃபைலை அழித்துக் காட்டினேன். பாய் திரையருகே குனிந்தார்.

"அப்போ, இங்க உட்கார்ற யாரு வேணும்னாலும் இதைச் செய்யலாமா?"

"தெரிஞ்சா செய்யலாம், பாய்."

"தூக்கிடுங்கம்மா. எனக்கு ஓகே லா."

அதன்பிறகு என்னைவிட அவருக்குத்தான் அவசரம். மதியச் சாப்பாட்டு வேளைகளில் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டில் எது எங்கே வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் எழுதிய புரோகிராம் அந்தந்தப் பிரிவின் ஃபைலை மட்டுமே தொடும். வேறு எந்த அதிகாரமும் அதற்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் ஆங் மோ கியோ வீட்டுக்குப் போகாமல் நேராக அலுவலகம் வந்தேன். பாயும் வந்திருந்தார். பழையதை அழித்துப் புதியதை ஏற்றினேன். அச்சடிக்கும்போது நடுவில் பிரேக்கை அழுத்தினேன். என் கணக்குக்கே திரும்பியது. பாயையும் அழுத்தச் சொன்னேன். அவர் கணக்குக்கே திரும்பியது.

மறுநாள் காலை லாரிகள் வரிசையாக நின்றன. முதல் சீட்டு சுத்தமாக வந்தது. முதல் லாரி கிளம்பியது. கீழே சரக்கு ஏற்றும் இடத்திலிருந்து பாய் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

எங்கள் நிறுவனத்தின் இன்னொரு அலுவலகத்திலும் அதே பழைய புரோகிராம் இருந்தது. நீக்கச் சொன்ன என்னைக் கேலி செய்தார்களே தவிர, அவர்கள் கேட்கவில்லை. சில மாதங்களில், வேலையை விட்டுப் போகவிருந்த ஒருவன் அந்த ஓட்டை வழியாகவே புகுந்து அவர்களுடைய ஆர்டர்களை எல்லாம் அழித்துவிட்டுப் போனான். கையால் சீட்டு எழுதித் திண்டாடினார்கள். முதலாளியே எனக்கு டாக்சி வரவழைத்து அங்கே அனுப்பினார். என்னைக் கேலி செய்தவர்கள் பின்னால் நின்று பார்க்க, அங்கேயும் அதை நீக்கிப் புதியதை ஏற்றினேன். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் இனி நான்தான் பொறுப்பு என்று அந்த வாரமே உத்தரவு வந்தது.

பாய் எங்கள் பிரிவு மொத்தத்தையும் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். பரிமாறியவரிடம் என்னைக் காட்டி, "இவங்களுக்கு இன்னொரு கறித்துண்டு வைங்க" என்றார். வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.